பம்புக்கடியில் ஒரு மைலோ டின்: கசியும் குளத்தை யார் கையில் கொடுப்பது?

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால் உறவினர்கள் முதலில் சிரிப்பார்கள். தோட்டத்து லயத்தில், பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்று குளித்து வளர்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மைத்துனரும் நானும் சேர்ந்து தாமான் (குடியிருப்பு) ஓரமாக ஒரு பழைய பங்களாவை வாங்கினோம். குளமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். அதைக் காட்டித்தான் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கல்யாணத்துக்கு வந்து தங்கும் குடும்பங்களில் பெரியவர்கள் கேட்பது ஏர்கண்டிஷன் உண்டா என்று. பிள்ளைகள் கேட்பது குளம் திறந்திருக்கிறதா என்று.

அந்தக் குளத்தின் பம்ப், பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொட்டத் தொடங்கியது. மோட்டாரும் பம்பின் பிளாஸ்டிக் உடம்பும் சேரும் இடத்தில், அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக. நான் ஒரு மைலோ டின்னை அதன் கீழே வைத்தேன். அதே சமயம் குளத்தின் நீர்மட்டமும் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பார்த்ததுதான் நான் செய்த முதல் தவறு.

எங்களைப் போன்ற தோட்டத்து ஊரில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. நாமே பிரித்துப் பார்க்கலாம். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவிலிருந்து குளம் பராமரிக்கும் ஆளை வரவழைக்கலாம். ஊரிலேயே மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையையோ செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவரையோ பிடிக்கலாம். அல்லது பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பம்ப் வாங்கலாம். மைத்துனர் புதியது வாங்கும் கட்சி. நான் நானே பிரிக்கும் கட்சி. இரண்டு பேரும் இரண்டு நாள் வாதாடினோம். எந்தக் கசிவைப் பற்றி வாதாடுகிறோம் என்பது இருவருக்குமே தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தது அந்த மைலோ டின்தான். ஒரு மணி நேரம் விட்டு அதில் சேர்ந்த தண்ணீரைச் சமையலறை அளவுக் கோப்பையில் ஊற்றினேன்: சுமார் 200 மில்லி. இரவு பகல் முழுக்க அதே வேகத்தில் சொட்டினாலும் ஒரு நாளைக்கு 5 லிட்டரைத் தொடாது. குளத்தின் பரப்போ 32 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 320 லிட்டர் போய்விட்டது என்று பொருள். 5 லிட்டர் எங்கே, 320 லிட்டர் எங்கே! கண்ணெதிரே சொட்டுவதுதான் திருடன் என்று நினைத்திருந்தேன். உண்மைத் திருடன் வேறெங்கோ இருந்தான்.

ஆகவே யாரைக் கூப்பிடுவது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் வாளிச் சோதனையைச் செய்தாக வேண்டும். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, குளத்தின் படிக்கட்டில், பாதி மூழ்கியிருக்கும்படி வையுங்கள். வாளிக்குள் இருக்கும் மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; நம் நாட்டு வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவு போவது இயல்பு. அதற்கு மேல் குளம் மட்டும் இறங்கினால் அதுவே கசிவு. மழை பெய்த நாளை விட்டுவிடுங்கள்: வாளியில் விழுவது வாளியின் மழை மட்டுமே, குளத்திலோ சுற்றுத் தளத்து நீரும் வந்து சேரும். பேராவில் மழையில்லாத இரண்டு நாள் தொடர்ந்து கிடைப்பதே பெரிய சோதனை என்பது வேறு கதை.

ஒரு நாள் பம்ப் வழக்கம்போல ஓடும்படியும், அடுத்த நாள் முழுக்க நிறுத்தியும் செய்ய வேண்டும். எங்கள் கணக்கு இப்படி வந்தது: பம்ப் எட்டு மணி நேரம் ஓடிய நாளில் வாளி அரை சென்டிமீட்டர், குளம் ஒன்றரை. நிறுத்திய நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கின. குளத்தின் சுவரிலோ தரையிலோ விரிசல் இருந்தால் பம்ப் நின்றாலும் நீர் போய்க்கொண்டே இருக்கும். ஓடும்போது மட்டும் போகிறதென்றால் பம்புக்கு அப்பால், அழுத்தம் உள்ள பக்கத்தில் எங்கோ வழி இருக்கிறது. இந்த ஒரு விவரம் கையில் இருந்தால் ஈப்போவிலிருந்து வருகிறவர் முதல் ஒரு மணி நேரத்தைத் தேடுவதில் செலவிட வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு கொடுப்பது நாம்தான்.

உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் அடையாளமே வேறு. பம்ப் ஓடும்போது அங்கே தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். குளத்தில் நீர் திரும்பும் துளைகளில் குமிழி குமிழியாக வரும். பம்பின் மேல் மூடி கண்ணாடி போன்றதாக இருந்தால் உள்ளே நீர் கொதிப்பதுபோலத் தெரியும். நிறுத்திய பிறகே அந்த இடம் நனையும். எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க முகச்சவர நுரையை ஒவ்வொன்றாகப் பூசிப் பாருங்கள். ஓட்டை உள்ள இடம் நுரையை இழுத்துக்கொள்ளும்.

இந்தக் காற்றுக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் பம்பு மூடியின் ரப்பர் வளையம். இதற்கு ஆளைக் கூப்பிடுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. எங்கள் மூடியின் வளையத்துக்கு 18 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். மாற்ற ஐந்து நிமிடம்: பம்பை நிறுத்தி, வால்வுகளை அடைத்து, மூடியைத் திறந்து, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் துடைத்து, புதிய வளையத்தைப் போட்டு, கையாலேயே இறுக்குவது. நம் ஆட்கள் பலர் தடுமாறுவது வழவழப்பாக்கும் பொருளில்தான். வீட்டில் இருக்கிறதே என்று பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுவார்கள். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: ரப்பருக்கும் பெட்ரோலிய வகைக்கும் ஆகவே ஆகாது. இந்த வளையங்கள் செயற்கை ரப்பர் என்றாலும் அவற்றில் பல, பெட்ரோலியத்திலிருந்து வரும் பசை பட்டால் உப்பி, நெளிந்து, பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும். சிலிக்கோன் கிரீஸ் ஒரு சிறு குப்பி வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். இன்னொன்று: மூடியை ஸ்பேனர் போட்டு முறுக்குவது வளையத்தின் குறையை மறைக்கும், மூடியைப் பிளக்கும்.

எங்கள் திருடன் மூடியில் இல்லை. பம்ப் ஓடும்போது கொட்டகைக்குப் பின்னால் போய், புல் மூடிக் கிடந்த கால்வாயை மைத்துனர் ஒரு குச்சியால் விலக்கினார். ஃபில்டருக்குள் நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது அழுக்கு நீர் வெளியேறும் குழாயின் வாயிலிருந்து, கழுவாத நேரத்திலும், தண்ணீர் மெல்லிய நூலாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்கூட இருக்காது. எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் காணாமல் போன 320 லிட்டர் கிட்டத்தட்ட முழுதாக அங்கே இருந்தது.

மணல் ஃபில்டரின் தலையில் ஆறு நிலை வால்வு ஒன்று இருக்கும். அதன் வயிற்றுக்குள் சக்கரத்தின் ஆரம்போல அமைந்த ஒரு ரப்பர் கேஸ்கெட் அறைகளைப் பிரித்து வைக்கிறது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பினால் அந்த கேஸ்கெட் பிய்ந்து, முறுக்கிக்கொள்ளும். பிறகு சுத்தமான நீரில் ஒரு பங்கு சத்தமில்லாமல் கழிவுக் குழாய்க்குப் போகும். எங்கள் வீட்டில் ஓடும்போதே திருப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. மைத்துனரும் சொல்லவில்லை.

இதை நாமே சரிசெய்யலாம் என்றுதான் சொல்வேன், பொறுமை இருந்தால். பம்பின் மின்சாரத்தை மெயின் பெட்டியில் நிறுத்தி, குளத்துப் பக்க வால்வுகள் எல்லாவற்றையும் அடைத்து, ஃபில்டரின் அழுத்தத்தை வெளியேற்றி, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகே திருகாணியில் கை வைக்க வேண்டும். அழுத்தத்தோடு இருக்கும் ஃபில்டரைத் திறந்தால் மூடி முகத்தில் அடிக்கும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. திறப்பதற்கு முன் மூடியிலும் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திரும்ப வைக்கும்போது ஒரு திருகாணித் துளை தள்ளி வைத்துவிட்டால் கைப்பிடி காட்டும் நிலை ஒன்றாகவும் உள்ளே நடப்பது வேறாகவும் ஆகிவிடும். பழைய கேஸ்கெட்டின் பசையைச் சுரண்டுவதற்கே எனக்கு ஒரு மாலை போனது. உள்ளே பலமான சுருள்வில் ஒன்று இருக்கிறது; திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அதே முறையில் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கால்வாய் காய்ந்தது. வாளியும் குளமும் மறுபடி ஒன்றாக இறங்கின.

மைலோ டின் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் ஊர்க்காரர் வருகிறார். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நீச்சல் குளத்துப் பம்பை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், செம்பனை ஆலையில் இருந்தாலும் குளத்தில் இருந்தாலும் ஒரே குடும்பந்தான். பம்பைப் பிரித்துச் சீலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தேய்ந்த சீல் அல்ல, வெந்த சீல் என்றார். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

அப்போதுதான் முழுக் கதையும் வரிசைக்கு வந்தது. சீலில் கார்பன் வளையம் ஒன்றும் பீங்கான் வளையம் ஒன்றும் முகத்தோடு முகம் உரசிச் சுழல்கின்றன. நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை சூடு ஏறாது. வால்வு வழியாக நீர் போய்க்கொண்டே இருந்ததால், நாங்கள் ஊருக்குப் போயிருந்த சில நாள்களில் குளத்தின் மட்டம், மேற்பரப்பு நீரை இழுக்கும் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. பம்ப் காற்றை இழுத்தது, சூடேறியது, சீல் வெந்தது, சொட்டத் தொடங்கியது. சொட்டியதால் நீர் குறையவில்லை. நீர் குறைந்ததால் சொட்டியது. மைத்துனர் சொன்னபடி அன்றே புதிய பம்ப் வாங்கி மாட்டியிருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போய் வருவதற்குள் புதிய சீலும் வெந்திருக்கும். நான் சொன்னபடி சீலை மட்டும் மாற்றியிருந்தாலும் அதே கதிதான். வாதத்தில் இருவருமே தோற்றோம் என்பதில் ஒரு நிம்மதி.

சீல் மாற்றும் வேலையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். யூடியூபைப் பார்த்தால் இருபது நிமிட வேலை. அண்ணன் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது எங்கெங்கே நான் கெடுத்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்ற மோட்டாரின் பின்புறத் தண்டைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். சில பம்புகளில் இம்பெல்லரின் நடுவே எதிர்ப்பக்கம் திரும்பும் திருகாணி ஒன்று இருக்கும், தெரியாமல் முறுக்கினால் தலை உடையும். அடுத்து, பழைய பீங்கான் வளையத்தைத் தட்டி எடுக்கும்போது அதன் இருக்கையில் கீறல் விழக் கூடாது. புதிய சீலின் பளபளப்பான முகங்களை விரலால் தொடவே கூடாது. கண்ணாடி லென்ஸைப் பிடிப்பதுபோல ஓரத்தைப் பிடித்துச் சுத்தமான துணியால் அண்ணன் உட்கார வைத்தார். ரப்பர் பகுதிக்குச் சோப்பு நீர் மட்டும், கிரீஸ் கிடையாது. பளபளப்பான இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அன்றே சொட்டும்.

சீல் 45 வெள்ளி, அவரை வற்புறுத்தி வாங்க வைத்த கூலி 60 வெள்ளி. வற்புறுத்தியது நான், அவர் தேநீர் போதும் என்றார். பழைய சீலைக் கொண்டுபோய்க் காட்டித்தான் கடையில் வாங்க வேண்டும். தண்டின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் உயரம் மாறும். அடுத்த முறை நானே செய்வேனா? கை நடுங்காத வயதாக இருந்தால் செய்வேன். உங்களுக்கு நாற்பது வயது என்றால் தாராளமாக முயலுங்கள், 45 வெள்ளிச் சீல் ஒன்று வீணானால் வீணாகட்டும்.

இதில் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது. டின் வைத்துவிட்டோமே என்று மாதக்கணக்கில் விட்டால், சொட்டும் நீர் தண்டோடு போய் மோட்டாரின் முன் பேரிங்கில் புகும். முதலில் கீச்சிடும், பிறகு அலறும், பிறகு மோட்டார் சுற்றும் கடைக்குத்தான். அந்தக் கட்டத்தில் சீல், பேரிங், செம்புக் கம்பி சுற்றும் கூலி எல்லாம் சேர்ந்து புதிய பம்பின் பாதி விலையைத் தாண்டினால் மைத்துனர் கட்சி வென்றது என்று ஒப்புக்கொள்ளலாம். பம்பின் பிளாஸ்டிக் உடம்பிலேயே விரிசல் இருந்தாலும் அப்படியே. அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. ஆனால் புதியது வாங்கப் போகும்போது பெரியதாக வாங்கும் சபலம் வரும், அது வேண்டாம். பழைய பைப்பும் ஃபில்டரும் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் அடுத்த கசிவுக்கு நாமே அழைப்பிதழ் வைக்கிறோம். வேகம் மாற்றக்கூடிய பம்ப் விலை கூடினாலும் வேறு கணக்கு: வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரத் தேவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுபவர்கள் இதை யோசிக்கலாம்.

பிவிசி பைப் ஒட்டுகள் நடுத்தரமான விஷயம். ஒட்டிய இணைப்பு கசிந்தால் மேலே பசை பூசி மூடுவது பெரும்பாலும் ஒரு வாரத்து நிம்மதி. அழுத்தம் உள்ள பக்கத்தில் உள்ளிருந்து நீர் தள்ளிக்கொண்டே இருக்கும்போது மேலே பூசியது எப்படி நிற்கும்? வெட்டி எடுத்துப் புதியதாக ஒட்டி, அடுத்த நாள்வரை பம்பைத் தொடாமல் இருக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் எல்லாம் கிடைக்கும். மரை உள்ள இணைப்பில் டெஃப்லோன் டேப்பை மரை திரும்பும் திசையிலேயே சுற்றுங்கள். பம்ப் வறண்டு ஓடிச் சூடேறியிருந்தால் அதன் வாயில் உள்ள பிளாஸ்டிக் மரை சுருங்கியிருக்கும். எத்தனை டேப் சுற்றினாலும் நிற்காது, துண்டையே மாற்ற வேண்டும்.

அப்படியானால் ஈப்போ ஆள் எதற்கு? மண்ணுக்கடியில் போகும் பைப்புக்கு. பம்ப், வால்வு, மூடி எல்லாம் காய்ந்திருக்கிறது, கழிவுக் குழாயும் காய்ந்திருக்கிறது, ஆனாலும் வாளியைவிடக் குளம் வேகமாக இறங்குகிறது என்றால், அது நம் கை வேலை அல்ல. பைப்பின் இரு முனையையும் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவி அவர்களிடம் உண்டு. ஊரில் யாரிடமும் கிடையாது. ஊகத்தில் தளத்தை உடைத்தவர்களின் டைல்ஸ் கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஈப்போ ஆள் வந்து பார்ப்பதற்கே 150 வெள்ளி கேட்டார்கள், அதுவும் இரண்டு வாரம் கழித்து. மூடி வளையத்துக்காக அந்த 150 வெள்ளியைக் கொடுப்பது அபத்தம். தளத்தை உடைக்காமல் காப்பாற்ற அதைக் கொடுப்பது மலிவு.

அந்த இரண்டு வாரத்துக்கும் ஒரு விலை உண்டு. பம்ப் ஓடாமல் நிற்கும் குளம் நம் வெப்பத்தில் சில நாளிலேயே பச்சையாகும். கொசு முட்டையிட்டு முழுக் கொசுவாகப் பத்து நாள் போதும். டிங்கி பரவும் ஊரில் சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வருவார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுக்காரரே பொறுப்பு. ஆளுக்காகக் காத்திருக்கும் நாள்களில் கையாலேயே குளோரின் போட்டு, தினமும் சுவரைத் துலக்கி, நீரைக் கலக்கி விடுங்கள். குளோரின் மாத்திரையை நீர் இழுக்கும் கூடையில் போட்டு வைத்துவிட்டுப் பம்பை நிறுத்தாதீர்கள். அங்கே கரைந்து தேங்கும் நீர் கடுமையான அமிலம். அது பம்பின் உள்ளே போய் அடுத்த சீலையும் தின்னும். எங்கள் வெந்த சீலுக்கு இதுவும் துணை போயிருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். மாத்திரையை அங்கே போட்டது நான்தான், மறைப்பானேன்.

மின்சாரத்தில் மட்டும் எனக்கு வாதமே கிடையாது. மோட்டாரின் பின் மூடியைத் திறந்து கம்பியை மாற்றுவது, புதிய பம்புக்கு இணைப்பு கொடுப்பது, மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி அடிக்கடி விழுந்தால் அதை ஆராய்வது, இவற்றை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். 230 வோல்ட்டும் ஈரத் தரையும் பிள்ளைகள் குளிக்கும் நீரும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பம்ப் சொட்டத் தொடங்கியதிலிருந்து இஎல்சிபி விழுகிறதென்றால் அது தொந்தரவு செய்யவில்லை, உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கி வைத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அண்ணனே அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார், முப்பது ஆண்டு ஆலை அனுபவத்தோடு.

விடுமுறைக்கு முதல் குடும்பம் வருவதற்கு நான்கு நாள் முன்பாக எல்லாம் முடிந்தது. கேஸ்கெட், சீல், வளையம், கூலி, சிலிக்கோன் கிரீஸ் எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள். பம்புக்கடியில் இருந்த மைலோ டின்னை நான் எடுக்கவில்லை. காய்ந்தே கிடக்கிறது, மைத்துனர் அதில் பழைய திருகாணிகளைப் போட்டு வைத்திருக்கிறார். வால்வின் கைப்பிடியில், பம்பை நிறுத்திவிட்டுத் திருப்பவும் என்று ஓர் அட்டையும் கட்டியிருக்கிறார், அவர் கையெழுத்திலேயே.